ஹாட்ரெல் வயலுக்கு அடியில் இருந்த ஊர்

அந்தக் கோடையில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பக்கம் பத்து வாரமாக வானம் ஒரு சொட்டுக்கூட இறக்கவில்லை. சுண்ணாம்புக் குன்றுகளின் மேலே ஓடும் வெள்ளைப் பாதைகள் மாவாய்ப் பொடிந்து கிடந்தன. ஒரு சைக்கிள் போனால் அதன் புழுதி அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். குடியானவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, ரோவீனா டக்கெட்டுக்கு மட்டும் கொண்டாட்டமாக இருந்தது. சேறில்லாத பருவம் அவளுடைய சைக்கிள் கூட்டத்துக்கு லேசில் வாய்ப்பதில்லை.

வாரத்தில் ஐந்து நாள் அவள் ஸ்விண்டனில் பஸ் ஓட்டினாள். மீதி இரண்டு நாளும் கிராவல் சைக்கிள். பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடி, கல்லையும் பள்ளத்தையும் தாங்குகிற தடித்த டயர்; தார் ரோட்டை விட்டு இறங்கினால்தான் அதற்கு உயிர் வரும். நாலு வருஷமாக அவள் அந்த சைக்கிளுக்கென்று அறுபது மைல் சுற்றுப்பாதை ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தாள். குன்றின் முதுகு, பீச் மரக் காடு, கைவிடப்பட்ட ரயில் தடம், கால்வாய்க் கரை என்று ஒரு காரைக்கூடப் பார்க்காமல் போய்வந்துவிடலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது அறுந்து நின்றது. அது கிளெம் ஹாட்ரெலின் மேய்ச்சல் வயல். அரை மைல் தூரம்.

பழைய வரைபடம் ஒன்றில் அந்த வயலின் நடுவே பொதுவழியைக் குறிக்கும் புள்ளிக்கோடு ஓடியது. அதைக் காட்டி வழி கேட்க மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் கேட்டுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதாயிற்று.

“வழியா? இங்க எந்தக் காலத்துலயும் வழி கிடையாது. அந்த மேப்புல ஏதோ ஈ உட்கார்ந்துட்டுப் போயிருக்கும்” என்றார் ஹாட்ரெல்.

“ஈ அரை மைலுக்கு வரிசை கட்டியா உட்காரும்?”

“பஸ்காரிக்கு வாய் மட்டும் கொறைச்சலில்ல. போம்மா, போய் டிக்கெட் கிழி.”

அதற்குப் பிறகுதான் வழியைத் திறந்துவிடச் சொல்லி கவுன்சிலில் மனுப் போடுவது என்று முடிவு கட்டினாள். மனுவோடு வைக்க ஒரு படம் வேண்டும். வயலுக்கு எதிரே இருக்கும் மார்ல் குன்றின் உச்சியில் நின்றால் வயல் முழுவதும் ஒரே பார்வையில் விழும். ஆகஸ்ட் மாதத்து ஒரு சாயங்காலம், சைக்கிள் கூட்டாளி டெஸ்மண்ட் குவாரியைக் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

டெஸ்மண்ட் ரயில் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் இருதயத்தில் வால்வு மாற்றினார்கள். அதன் பிறகு பேட்டரி வைத்த கிராவல் சைக்கிளுக்கு மாறிவிட்டார். ஏற்றத்தில் அவர் சீட்டியடித்துக்கொண்டே முன்னால் போக, ரோவீனா நாக்குத் தள்ளப் பின்னால் வந்தாள்.

“மெதுவா வா கண்ணு, அவசரமில்ல. மேல போய் டீ போட்டு வைக்கிறேன்.”

“ஏமாத்துச் சைக்கிள்ல ஏறிட்டு ரொம்பத்தான் பேசாதீங்க!”

உச்சியில் அவர் டீ போடவில்லை. சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ரோவீனா பக்கத்தில் வந்து நின்றதும், திரும்பாமலே கேட்டார்.

“காலைல நான் மாத்திரை போட்டேன்ல?”

“போட்டீங்களே. ஏன்?”

“அப்ப சரி. நீயும் பாரு.”

முதலில் அவளுக்கு மேக நிழல் என்றுதான் தோன்றியது. ஆனால் வானத்தில் மேகம் ஏது? தாழ்ந்த வெயில் வயலின் மேல் சாய்வாக விழுந்திருந்தது. காய்ந்து பழுத்த புல்லில், அதையும்விட வெளிறிய கோடுகள். ஒரு சதுரம், அதை ஒட்டி இன்னொன்று. பிறகு கண் பழகப் பழக, சதுரங்கள் வரிசையாயின. எதிரே இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவே அகலமாக, வெள்ளையாக ஒரு வீதி. அதன் இரு ஓரமும் இன்னும் பச்சை மாறாத சாக்கடைப் பள்ளங்கள். வீதியின் ஒரு கோடியில், ஒரு முனை வளைந்த நீண்ட கட்டடம். அது கிறிஸ்தவக் கோயிலாகத்தான் இருக்க வேண்டும். சுவர்க்கோடுகளில் அங்கங்கே சிறு இடைவெளி விட்டிருந்தது. அவை வாசல்கள் என்று புரிந்த கணத்தில் ரோவீனாவுக்குக் கழுத்துப் பின்னால் மயிர் சிலிர்த்தது.

நூறு தடவை அந்த வேலியோரம் நின்று அவள் பார்த்தது வெறும் புல். அந்தப் புல்லுக்கு ஒரு முழம் கீழே ஓர் ஊரே மூச்சடக்கிக் கிடந்திருக்கிறது. அடியில் கல் இருந்த இடத்துப் புல் வறட்சியில் முதலில் காய்ந்து வெளிற, ஈரம் தங்கிய பள்ளத்துப் புல் பச்சையாகவே நின்று, அந்த ஊரை வரைந்து காட்டியிருந்தது.

இருவரும் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலக் கிசுகிசுத்தார்கள்.

“அந்தாளுக்கு இது தெரியுமா?” என்றார் டெஸ்மண்ட்.

ரோவீனா சைக்கிளைத் திருப்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஹாட்ரெல் முற்றத்தில் மாடுகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக்குச் சேர்த்தது ஆகஸ்டிலேயே கரைந்துகொண்டிருந்த கடுப்பு அவர் முகத்தில் இருந்தது.

“நாலாவது தடவையா? உனக்கு வெட்கமே கிடையாதா?”

“வழி கேட்க வரல. மிஸ்டர் ஹாட்ரெல், நீங்க மார்ல் குன்று மேல ஏறியிருக்கீங்களா?”

“எதுக்கு ஏறணும்? என் மாடு அங்க இல்லையே.”

போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். அவர் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். “மாடு படுத்த தடம்” என்று திருப்பிக் கொடுத்தார்.

“வயலோட அந்தக் கோடியில, ஓக் மரத்துக்கு இந்தப் பக்கம், பெரிசா ஒரு கட்டடம் இருக்கு. ஒரு பக்கம் வளைஞ்சு...”

வைக்கோல் உதறுவது நின்றது. “ஓக் மரத்துக்கு இந்தப் பக்கமா?”

“ஆமா.”

“அங்கதான் எங்கப்பா ரெண்டு கலப்பையை உடைச்சாரு. சபிக்கப்பட்ட மண்ணுன்னு சொல்லிப் புல்லுக்கு விட்டுட்டாரு.” அவர் குன்றை நிமிர்ந்து பார்த்தார். “அவ்வளவு கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு நாங்க யோசிச்சதே இல்ல.”

வெயிலுக்கு இன்னும் அரை மணிதான் ஆயுள். குன்றின் தடத்தில் மோட்டார் வண்டி நுழையாதபடி கற்கள் நட்டிருந்தார்கள். எழுபத்தொரு வயது முழங்காலோடு அவர் நடந்து ஏறுவதற்குள் இருட்டிவிடும். அப்போதுதான் கீழே வந்து சேர்ந்த டெஸ்மண்ட், தன் சைக்கிளை விட்டு இறங்கி அவர் பக்கம் நீட்டினார்.

“நான் சைக்கிள் மிதிச்சு நாப்பது வருஷமாச்சுய்யா!”

“மிதிக்க வேணாம். சும்மா மிதிக்கிற மாதிரி நடிங்க. மிச்சத்தை அது பாத்துக்கும்.”

ஹாட்ரெல் ரப்பர் பூட்ஸோடு ஏறினார். முதல் உந்தலில் சைக்கிள் துள்ளிக்கொண்டு பாய, அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டு முற்றத்து நாய் ஓடி ஒளிந்தது. பாதி ஏற்றத்தில் ரோவீனாவைத் தாண்டும்போது, “தள்ளு, தள்ளு, பிரேக்கு எங்கேன்னு தெரியல!” என்று கத்திக்கொண்டே போனார்.

அவள் உச்சிக்கு வந்தபோது சைக்கிள் புல்லில் கிடந்தது. ஹாட்ரெல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

“இடது பக்கம் மூணாவது வீடு” என்றார். “வாசல் தெரியுது பாரு. என் கன்னுக்குட்டிப் பட்டி இதைவிடப் பெருசு. இதுக்குள்ள புருஷன், பொண்டாட்டி, ஏழெட்டுப் புள்ளைங்க...” தொப்பியால் எதிர்வரிசையைக் காட்டினார். “எங்கதான் போனாங்க எல்லாரும்?”

அது யாருக்கும் தெரியாது. கொள்ளைநோய் தின்றதோ, ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று யாரோ பிரபு துரத்தினானோ. ரோவீனாவுக்குக் கேட்கத் தோன்றியதெல்லாம், அந்த மூன்றாவது வாசலில் கடைசியாகக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவள் யார் என்பதுதான். அந்த வீதியில் நடந்த கால்கள் எத்தனை ஆயிரம் இருக்கும்? நாலு வருஷமாகத் தான் அளந்து வைத்திருந்த மைல்கள் அத்தனையும் அவளுக்குச் சின்னப் பிள்ளை கிறுக்கலாகத் தெரிந்தன.

“ஆனா பஸ்காரி,” என்றார் ஹாட்ரெல் மெதுவாக, “உன் வழி அங்க இல்ல.”

அவள் பார்த்தாள். பிரமிப்பில் முன்பு கவனிக்கவில்லை. அவளுடைய புள்ளிக்கோடு ஓட வேண்டிய இடத்தில் சுத்தமான புல்; ஒரு கீறல் கிடையாது. உண்மையான வீதி கோயிலுக்கு மறுகோடியில் தெற்கே வளைந்து, வயலைத் தாண்டி, ஹாட்ரெலின் முற்றத்துக்குள் நேராகப் புகுந்தது. நாலு வருஷத்துச் சண்டை ஒரு பார்வையில் பொய்யாகிப்போனது. மழுப்ப நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம்.

“ஆமா” என்றாள். “நான் சொன்னது தப்பு. மனுப் போட மாட்டேன்.”

அவர் கீழே தன் வீட்டைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “வழியே இல்லன்னு நானும்தானே குதிச்சேன். ராஜபாட்டையே என் அடுப்பங்கரைக்குள்ள போகுது!”

சூரியன் இறங்கியது. கோயில் முதலில் மறைந்தது, பிறகு வீடுகள். வீதி மட்டும் சிறிது நேரம் தாக்குப்பிடித்து, அதுவும் மங்கியது.

அடுத்த மூன்று சாயங்காலமும் மூவரும் அங்கே ஏறினார்கள். ஹாட்ரெல் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்தார். டெஸ்மண்ட் ஃபிளாஸ்கில் டீ. ஐந்தாம் நாள் மேற்கிலிருந்து மழை வந்தது. குடையில்லாமல் நின்று, ஊரின் மேல் அது பெய்வதைப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் வயல் முழுக்கப் பச்சை படர்ந்தது. ஒரு கோடுகூட மிச்சமில்லை.

செப்டம்பரில் ஹாட்ரெல் கேட்டின் பூட்டை எடுத்தார். வேலியோரமாகச் சுற்றிப் போகத் தடம் வெட்டிக் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்: வீடுகளின் மேலே சக்கரம் ஏறக் கூடாது. அதனால் ரோவீனாவின் சுற்றுப்பாதை அறுபத்தொரு மைலாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது, நாற்பது பேர் அரட்டையடித்தபடி அந்த ஓரத்தில் பறந்துபோகிறார்கள். ரோவீனா மட்டும் அங்கே இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். ஏன் என்று யாராவது கேட்டால் முதுகு வலி என்பாள்.