ஏரியைக் குடித்த அக்கேயோவின் வழக்கு

ஏரிக்கரையிலிருக்கும் எங்கள் கிசுமு நகர நீதிமன்றத்தில் தெருப் பேச்சைத் தப்பாக மொழிபெயர்த்தால் தரையில் ஏரித் தண்ணீர் ஊறும். அக்கேயோ வழக்கு நடந்த வருடம் குமாஸ்தாக்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள், மதிய இடைவேளையில் மேஜைக்கடியில் ஜிலேபி மீன் பிடித்தார்கள்.

அக்கேயோ மீன்காரி. எங்கள் ஆட்களின் வலைகளைப் பறித்துக்கொண்டு திரிந்த அரசாங்க ரோந்துப் படகு ஒருநாள் காணாமல் போனது. அன்றைக்கு ஒரு கல்யாணத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, கொண்டேலே பேட்டை இளவட்டங்களின் தெருப் பேச்சில் அவள் முழங்கியிருக்கிறாள்: “ஏரியை ஒரே மடக்குல குடிச்சவ நான்டா! ரோந்துப் படகு எனக்குத் தொட்டுக்க!” எவனோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பதிவுசெய்து போலீசுக்கு அனுப்பிவிட்டான். இப்படிப் பாட்டை நிறுத்தித் தன்னைத் தானே புகழ்வதை நாங்கள் பக்ருவோக் என்போம். கேட்கிறவன் அதைவிடப் பெரிதாக அளக்கலாம், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளலாம். பொய் என்று மட்டும் சொல்லக்கூடாது. இந்த இங்கிதமெல்லாம் மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு எங்கே தெரியும்? அவர் மொம்பாசாக்காரர், எங்கள் லுவோ மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.

நைரோபியிலிருந்து பேராசிரியர் ஒருவரை வரவழைத்தார்கள். “படகை அழித்ததாக ஒப்புக்கொள்கிறாள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. தேவாலயத்து மூப்பர் “குடிவெறியில் உளறியிருக்கிறாள்” என்றார், முழங்காலுக்கு ஏறியது. அதற்குப் பிறகு எந்த மொழிபெயர்ப்பாளரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்கேயோ சிறையிலேயே கிடந்தாள். கடைசியில் அரசு வக்கீலே மனம் இரங்கி வழி சொன்னார். ‘நான் பேசியது பொய்’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் ஏழு வருடம்.

“பொய்யா? அதை என் வாயால சொல்லணுமா? ஏழு என்னய்யா ஏழு, எழுபதாப் போடுங்க!”

எங்களில் பாதிப் பேர் விசிலடித்தோம். அடடா, அவளல்லவோ பெண்!

அவளைக் கைதுசெய்த கான்ஸ்டபிள் ஒகோலாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவனும் லுவோதானே, ஒருத்தி பெருமையடிக்கும்போது சும்மா நின்றால் அவனுக்குச் சோறு இறங்குமா? வேலையில் இருப்பதை மறந்து கூண்டருகே போனான்.

“கைவிலங்கே என்னைப் பாத்தா மாமான்னு கூப்பிடும், தெரியும்ல? எங்க, இப்பக் குடி பாப்போம்!”

அக்கேயோ குனிந்தாள். ஒரே மடக்கு. தரை காய்ந்து, மீன்கள் துள்ளிக்கொண்டு கிடந்தன.

மாஜிஸ்திரேட் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படகு எங்கே என்று அவளிடம் கேட்கும்படி ஒகோலாவிடம் சொன்னார்.

“வயித்துல கெடக்கு. தைரியம் இருந்தா வந்து பறிமுதல் பண்ணிக்கச் சொல்லு.”

ஒகோலா நெஞ்சை நிமிர்த்தி, அவள் திமிர் ஒரு குன்றிமணி குறையாமல், அதை ஆங்கிலத்தில் முழங்கினான். எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஒரு சொட்டு ஊறவில்லை.

படகை விழுங்கியவளைத் தண்டிக்கச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று மாஜிஸ்திரேட் விடுதலை செய்தார். ஒகோலாவைச் சீருடையைக் கழற்றச் சொல்லி அங்கேயே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார்கள். ரோந்துக்கு வேறு படகு அனுப்ப அரசாங்கம் இதுவரை துணியவில்லை.

அக்கேயோ பழைய இடத்திலேயே மீன் விற்கிறாள். வயிற்றுக்குள் இன்ஜின் ஓடுகிற நேரத்தில் விலை கேட்கிறவர்கள் கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.