எல்லா வாசலிலும் ஒரே மரம்

பெரியப்பாவின் டயர் கம்பெனியில் வேலைக்குச் சேரும்போதே அம்மா சொன்னாள்: "சொந்தக்காரங்ககிட்ட சம்பளம் வாங்குறதுக்குப் பேசாம செவுத்துல முட்டிக்கலாம்." மகள் கேட்கவில்லை. இப்போது கண்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கிளைகளெல்லாம் அவள் பொறுப்பு.

வெள்ளிவிழாவுக்கு எல்லாக் கிளை வாசலிலும் ஒரே நாளில் ஒரே மரம் நடவேண்டும் என்று பெரியப்பாவுக்குத் தோன்றிவிட்டது. எந்த மரம்? அவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அதே அகல இலை நிழல்மரம்தான்.

"பெரியப்பா, வடக்குல இன்னும் பனியே உருகல. நடுவுல பாலைவனம். தெக்கே போனா மழைக்காடு. ஒரே மரம் எப்படி எல்லா எடத்துலயும் பொழைக்கும்?"

"எல்லாம் ஒரே நிலம்தானேம்மா. நடுவுல கடலா ஓடுது? ஆரம்பத்துலயே அபசகுனமாப் பேசாதே."

செவிடன் காதில் ஊதிய சங்கு. மரக்கன்றுகள் லாரி ஏறின.

நடும் நாளன்று காலையிலேயே போன் அலற ஆரம்பித்தது. முதலில் வடக்குக் கிளைக்காரர். "மேடம், மண்ணு இரும்பா இருக்கு. கடப்பாரைதான் வளையுது. கன்னெல்லாம் லாரியிலேயே விறைச்சுப் போச்சு." வைத்தவுடன் பாலைவனக் கிளை. "நட்டுட்டோம் மேடம். ஆனா குடிக்கிற தண்ணியே லாரியிலதான் வருது. அதை நாங்க குடிக்கவா, இது குடிக்கவா?" புல்வெளிக் கிளையில் நட்டுவிட்டுக் கைகழுவப் போன நேரத்தில் மாடுகள் கன்றை மேய்ந்துவிட்டன. மழைக்காட்டுக் கிளைக்காரரோ சிரித்தே விட்டார். "இங்க மரம் வளக்குறதா பிரச்சினை? காடு வாசலை மூடாம வெட்டி வெட்டியே கை ஓஞ்சு போச்சு. இதுல நீங்க வேற ஒண்ணு அனுப்பியிருக்கீங்க!"

அவளுக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. தன் இணைப்பைப் பெரியப்பாவின் அறைக்குத் திருப்பிவிட்டு, சாப்பாட்டுப் பையோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். வேலை போனால் போகட்டும்.

திரும்பி வந்தபோது பெரியப்பா சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான்?"

"அதைத்தானே ரெண்டு மாசமா நானும் கரடியாக் கத்துறேன்!"

"நீ சொன்னே. ஆனா இவனுங்க மாதிரி திட்டிச் சொல்லலியே!"

அவள் சாப்பாட்டுப் பையை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"சரி, அந்தந்த ஊர் மரத்தையே நடச் சொல்லு," என்றார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. "ஆனா நாள் மட்டும் மாறக்கூடாது. இன்னைக்கே நடணும்."

அவள் அவர் எதிரிலேயே வடக்குக் கிளைக்குப் போன் போட்டாள். "மண்ணு எப்ப இளகுதோ அப்ப நடுங்க. உங்க ஊர் மரமாப் பாத்து. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் மணி அடித்தது. அவர் போனைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீயே பேசும்மா" என்று எழுந்து வெளியே நடந்தார்.

கடற்கரைக் கிளை. உப்புக்காற்றில் இலையெல்லாம் கருகுகிறதாம்.

பெரியப்பாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, "சரி, அதை விடுங்க," என்றாள். "உங்க பக்கம் தானா என்ன முளைக்கும்?"