முதல் பரிசு வாங்கிய குப்பைத்தொட்டி

யுவஸ்ரீக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மாலையில் பரிசளிப்பு விழா. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் 'குப்பை குறைப்போம்' போட்டி நடத்துகிற யோசனையே அவளுடையதுதான். சுற்றுச்சூழல் படிக்கிறவள், சும்மா இருப்பாளா? கட்டிலுக்கு ஒரு தொட்டி வைத்து, பெயர் ஒட்டி, மாதம் முழுக்கத் தினமும் எடை போட்டாள். யார் தொட்டி லேசோ அவளுக்குப் பரிசு. முதலாமாண்டு சண்முகப்ரியா ஜெயித்துவிட்டாள். மற்றவர்கள் அவள் பக்கத்தில்கூட வரவில்லை.

எந்தத் தொட்டியில் என்ன விழுந்தது என்று விழாவில் படம் போட்டுக் காட்டுவதற்காக, எழுதி வைத்ததை எல்லாம் முந்தின நாள்தான் உட்கார்ந்து பிரித்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மற்றவர்கள் தொட்டியில் சிப்ஸ் கவர், பரோட்டா பார்சல் கட்டிவந்த இலை, ஆன்லைனில் வந்த அட்டைப்பெட்டி, பாதி தின்று எறிந்த கேக், செய்தித்தாளில் சுற்றிய நாப்கின். சண்முகப்ரியாவின் தொட்டியில் சீப்பில் வந்த முடி, தீர்ந்துபோன ரீஃபில், ஒரு சோப்பு உறை. மாதம் முழுக்க அவ்வளவுதான்.

நாப்கினுக்குப் பதில் வைக்கிற துணியை அவள் கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவது யுவஸ்ரீக்கு நினைவு வந்தது. எல்லோரும் பார்சல் சொல்லும்போது "விரதமுங்கக்கா" என்று நழுவுவதும் நினைவு வந்தது. ஒரு பெண் எத்தனை நாள்தான் விரதம் இருப்பாள்? கையில் காசில்லாதவளைப் பிடித்து, 'இவள் ஒன்றுமே வாங்குவதில்லை, கைதட்டுங்கள்' என்று ஊருக்கு முன்னால் நிறுத்தப் போகிறோம். என்ன பெரிய படிப்பு! தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மாடிக்கும் ஆபீசுக்குமாக நடந்தாள். வார்டன் கீதாவிடம் போய், பரிசை வேறு யாருக்காவது மாற்றலாமா என்று இழுத்தாள்.

"பேரைக் காலேஜுக்கு எழுதிக் குடுத்துப்போட்டேன் அம்மணி. இப்ப வந்து மாத்துங்கறே?" என்று விரட்டிவிட்டார் அவர்.

கடைசியில் சண்முகப்ரியாவின் அறைக்கே போனாள்.

"ஏனுங்கக்கா, பரிசு எனக்கில்லைன்னு சொல்ல வந்தீங்களா?" முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள் அவள்.

"இல்ல கண்ணு. மேடையேற உனக்கு ஒரு மாதிரி இருந்தா..."

"எங்கம்மா சத்தியமங்கலத்துல பஸ் ஏறிட்டாங்க. பூப்பறிக்கற வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு வாராங்க. நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதுமுங்க."

மேடையில் சிறப்பு விருந்தினர், "ரகசியம் என்னம்மா?" என்று மைக்கை நீட்டினார்.

"துணிப்பை கொண்டுபோவேனுங்க. தேவையில்லாதது எதும் வாங்க மாட்டேனுங்க" என்றாள் சண்முகப்ரியா, கொஞ்சமும் கூசாமல். அரங்கம் அதிர்ந்தது. கடைசி வரிசையில் அவள் அம்மா ராமாத்தாள் எழுந்து நின்று தட்டினாள்.

பரிசைப் பார்த்ததும் யுவஸ்ரீக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாரோ கடைக்காரர் புண்ணியத்தில் வந்த பெரிய கூடை. சாக்லேட், சிப்ஸ், ஜூஸ், முகக்கிரீம், எல்லாவற்றையும் சுற்றிச் சரசரவென்று கண்ணாடித்தாள், அதற்கு மேல் ரிப்பன். குப்பை குறைத்தவளுக்கு இது!

அன்றே சண்முகப்ரியாவின் படத்தை விடுதி வாசலில் மாட்டினார்கள். "இன்னும் ஒரு வாரம் எடை போடுவோம். ஏறுச்சுன்னா படத்தைக் கழட்டிருவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்தார் வார்டன்.

மறுநாள் காலை தராசோடு போன யுவஸ்ரீ திகைத்து நின்றாள். பரிசுக்கூடையின் கண்ணாடித்தாளும் சாக்லேட், சிப்ஸ் உறைகளுமாகச் சண்முகப்ரியாவின் தொட்டி நிரம்பி வழிந்தது. கீழே வார்டன் படியேறி வரும் சத்தம். ஓடிப்போய்த் தன் தொட்டியை எடுத்துவந்து, அள்ளி அள்ளி அதில் போட ஆரம்பித்தாள்.

"என்னங்கக்கா பண்றீங்க?" சண்முகப்ரியா கதவருகில் நின்றாள். வாயோரம் சாக்லேட்.

"சத்தம் போடாதே. என்ற தொட்டியில போட்டுக்கறேன். இல்லீனா உன்ற படத்தைக் கழட்டிருவாங்க."

சண்முகப்ரியா குனிந்து, அந்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தொட்டியிலேயே திரும்பப் போட்டாள். ரிப்பனையும் விடவில்லை.

"கழட்டட்டுமுங்க. அம்மா பாத்துட்டுப் போயிட்டாங்க. இது என்ற குப்பைங்கக்கா. எடை போடுங்க."