சிரிப்புக்கு விட்ட இடம்

என் அக்கா முப்பத்தொரு வருடங்களில் இருநூற்றுச் சொச்சம் படங்களில் விழுந்திருக்கிறாள். நடித்திருக்கிறாள் என்றுதான் முறையாக எழுத வேண்டும். ஆனால் படம் பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், "படிக்கட்டுல உருளுவாங்களே, அந்தம்மாவா?" என்பார்கள். அவள் பக்கம் பக்கமாக வசனம் பேசியிருக்கிறாள், ஒரு படத்தில் மூன்று வேடம் கட்டியிருக்கிறாள். அதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். விழுந்தது மட்டும்தான் ஜனங்கள் மனதில் நின்றது. யாரோ ஒரு பத்திரிகைக்காரன் "தடால்" என்று பெயர் வைத்தான். இரண்டே வருடத்தில் டைட்டிலிலும் அதுவே வந்துவிட்டது.

நான் அவளுடைய தங்கை. படத்தொகுப்பு என் தொழில். அவள் படங்களில் பாதிக்கு மேல் வெட்டி ஒட்டியது நான்தான். அவள் சிபாரிசில்தான் எடிட்டிங் அறைக்குள் நுழைந்தேன் என்பதை நான் மறைத்ததில்லை. மறைத்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள்.

அவள் நடிக்க வந்தது தற்செயல். ஒரு சினிமா கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். ஒருநாள் சின்ன வேடத்துக்கு வர வேண்டிய நடிகை வரவில்லை. கீழ் வீட்டுக்காரி சண்டை போட மாடிக்கு வருகிறாள், கடைசிப் படியில் வழுக்கிக் கீழே போகிறாள், அவ்வளவுதான் வேடம். "டெலிபோன் பொண்ணக் கூப்பிடு, வாய் நல்லா இருக்கு" என்றார் டைரக்டர். வாய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விழுவதற்காகக் கூட்டி வந்த டூப் நடிகை ஒல்லி, என் அக்கா அப்போதே நல்ல பூசினாற்போல். கேமரா பொய் சொல்ல மறுத்தது. "நானே விழறேன்" என்றாள்.

விழுகிற எவரும் கையை ஊன்றுவார்கள். உடம்பு சொல்லிக் கொடுக்காமலே செய்கிற வேலை அது. என் அக்கா ஊன்ற மாட்டாள். கை இரண்டும் சண்டைக்கு நீட்டியபடியே இருக்கும், பேச்சும் நிற்காது, ஆள் மட்டும் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருப்பாள். அதில்தான் தியேட்டர் அதிர்ந்தது. எங்கள் அம்மா முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "துணி விலகாம விழுந்தா. அந்த மட்டும் சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

சிரிப்புப் படத்தை வெட்டுவதில் எனக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. யாரும் சொல்லித் தரவில்லை, தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்து நானே கற்றது. ஒன்று, அவள் விழுந்தவுடன் முகத்தில் வலி வருவதற்குள் வெட்டிவிட வேண்டும். வலியைப் பார்த்துவிட்டால் ஒருவனும் சிரிக்க மாட்டான். இரண்டு, அவள் வசனத்தை முடித்ததும் எதிரே நிற்கிற ஆளின் அசட்டு முகத்துக்குத் தாவி, இரண்டு விநாடி அங்கேயே நிற்க வேண்டும். ஜனங்கள் சிரிப்பதற்கான இடம் அது. விடாவிட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். அக்கா படம் என்றால் தூக்கத்தில்கூட என் கை இந்த இரண்டையும் செய்யும்.

நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கணக்குத் தணிக்கை ஆபீசில் வேலை. சினிமா பார்க்கிற வழக்கமே இல்லாதவர். "என்னைப் பார்த்ததும் சிரிக்காத ஒரே ஆளு இவருதான்" என்று அவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். குழந்தை இல்லை. பதினோராவது வருடம் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சாவு வீட்டில் நடந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். உள்ளிருந்து அழுதுகொண்டே வந்த அக்காவுக்கு வாசல் நிலைப்படி தடுக்கியது. விழவில்லை, சமாளித்துக்கொண்டாள். ஆனால் கூட்டத்தில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பாவம், அடக்க முடியவில்லை. அக்கா அந்தத் திசையைப் பார்த்தாள், அப்புறம் அழவில்லை.

அதற்குப் பிறகுதான் பார்க்கிற டைரக்டரிடமெல்லாம் அழுகிற வேடம் கேட்க ஆரம்பித்தாள். "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்று எல்லோரும் சிரித்தார்கள். பதினான்கு வருடம் கேட்டாள். ஐம்பத்தாறாவது வயதில் ஒரு புது டைரக்டர் சரி என்றார். மகனை விபத்தில் பறிகொடுத்த தாய். ஆஸ்பத்திரி கவுண்டரில் மகனுடைய துணிமணிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள். சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் குமாஸ்தாவிடம் சொல்கிறாள்: "இதுல ஒரு பட்டன் இல்ல. ஞாயித்துக்கிழம தெச்சுத் தரேன்னு சொல்லியிருந்தேன்." மொத்தம் மூன்று நிமிடம். படமே அந்த மூன்று நிமிடத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரே டேக்கில் முடித்தாளாம். லைட் போடுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். நான் போகவில்லை. எனக்குப் படச்சுருள் வந்தால் போதும்.

வெட்டினேன். முதல் பிரிவியூவுக்குத் தொண்ணூறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் அக்காவும் கடைசி வரிசை. கவுண்டர் காட்சி வந்தது. சட்டையைப் பிரித்தாள். பட்டன் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடித்தாள். தியேட்டர் கொல்லென்று சிரித்தது.

ஒருவர் இருவர் இல்லை, முழுத் தியேட்டரும். அக்கா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

டைரக்டர் மரியாதையான பையன். வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மா மேல தப்பே இல்லங்க. ஜனங்க மனசுல அப்படிப் பதிஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமை வேற ஆளுங்கள வெச்சு இன்னொரு தடவ போடறேன். அப்பவும் சிரிச்சாங்கன்னா, வேற ஒருத்தங்கள நடிக்க வெச்சு எடுத்துடறேன். ஒரு நாள் வேலதான்."

அக்காவைக் காரில் கொண்டுபோய் விட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "வெள்ளிக்கிழம வரைக்கும் எதுக்கு? இப்பவே எடுத்துடச் சொல்லு. என் மூஞ்சி அப்படிடி. என்ன பண்ண முடியும்?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. விவஸ்தை கெட்ட ஜனங்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்துச் சிரிக்கிறவனும் மனுஷனா என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மறுநாள் காலையில் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"ஞாயித்துக்கிழம தெச்சுத் தரேன்னு சொல்லியிருந்தேன்" என்று அவள் முடிக்கிறாள். முடித்த அந்த நொடியே படம் குமாஸ்தாவின் முகத்துக்குத் தாவுகிறது. அவன் திருதிருவென்று விழிக்கிறான். இரண்டு விநாடி அங்கேயே நிற்கிறது. சிரிப்புக்கு இடம்! என் கையே விட்டிருக்கிறது. நான் இடம் விட்டேன், அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முப்பது வருடப் பழக்கம் அவர்களுக்கு மட்டுமா இருந்தது?

யாரிடமும் சொல்லாமல் சரிசெய்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பத்து மணி வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் தன் முகத்தையல்லவா குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து அவள் வீட்டுக்குப் போனேன்.

அக்கா சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் முகத்துல ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பா வெட்டிட்டேன்."

"என்ன வெட்டின?"

சொன்னேன். குமாஸ்தாவின் முகத்தையும் இரண்டு விநாடியையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆக, ராத்திரி பூரா நான் கண்ணாடி முன்னாடி நின்னதெல்லாம் உன்னாலதானா?"

"ஆமா."

"தூங்கவே இல்லடி. இப்படி வெச்சா சிரிப்பு வருமா, அப்படி வெச்சா வருமான்னு பார்த்துட்டே இருந்தேன். எப்படி வெச்சாலும் எனக்கே சிரிப்பு வந்துச்சு." பிறகு குரல் ஏறியது. "முப்பது வருஷமா என் மூஞ்சிய எப்பக் காட்டணும், எப்ப மறைக்கணும்னு நீதான் முடிவு பண்ற. ஒரு தடவையாவது முழுசாக் காட்டேன்டி. நல்லா இல்லன்னா நான் போய்க்கறேன்."

போய் வெட்டினேன். வெட்டினேன் என்பதுகூடத் தவறு. எங்குமே வெட்டாமல் விட்டேன். வசனம் முடிந்த பிறகு அவள் முகத்தின் மேலேயே ஒன்பது விநாடி. அவள் முகத்தை நான் அவ்வளவு நேரம் யாருக்கும் காட்டியதில்லை. நானும் பார்த்ததில்லை. பட்டன் இருந்த இடத்தை அவள் விரல் தேடுகிறது. உதடு ஏதோ சொல்ல வந்து விட்டுவிடுகிறது. என் அக்காவுக்கு இவ்வளவு வயதாகிவிட்டதா என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. பட்டன் இல்லை என்றாள். தியேட்டரில் சத்தமே இல்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி, ஐந்து. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் தொழிலில் அமைதி என்றால் சாவு.

"ஏண்டி, ஒருத்தரும் மூச்சு விடலையே. ஊத்திக்கிச்சா?" என்று என் காதில் கேட்டாள்.

"சும்மா இரு" என்றேன். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு இன்னொருவர். டைரக்டர் திரும்பி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

படம் வந்தது. ஓடியது. பத்திரிகைகள் தடால் என்ற பெயரை விட்டுவிட்டு அவளுடைய சொந்தப் பெயரைத் தேடிப் பிடித்துப் போட்டன. கடைத்தெருவில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆறு வாரம் அவள் கால் தரையில் படவில்லை.

ஏழாவது வாரம், அதற்கு முன்பே எடுத்து முடித்திருந்த சிரிப்புப் படத்துக்குப் பிரிவியூ. செருப்புக் கடையில் அக்கா ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டிலிருந்து பெட்டியை இழுக்கிறாள். கடைக்காரனோடு வாக்குவாதம். ஸ்டூல் சரிகிறது. கையை ஊன்றாமல், பேசியபடியே விழுகிறாள். அவள் விழுந்ததிலேயே முதல்தரமான விழுகை என்று நான் அடித்துச் சொல்வேன். வலி வருவதற்குள் வெட்டியிருந்தேன், இரண்டு விநாடி விட்டிருந்தேன், எல்லாம் சரியாக.

தியேட்டர் "ஐயோ" என்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவரிசையில் ஒரு பெண் தன்னை மறந்து திரையைப் பார்த்து, "அடி பட்டுடுச்சாம்மா?" என்று கேட்டேவிட்டாள். தயாரிப்பாளர் அன்று மாலையே அந்தக் காட்சியைத் தூக்கச் சொன்னார். ஒப்புக்கொண்டிருந்த இரண்டு சிரிப்புப் படங்களும் அந்த மாதமே கைநழுவின. அழுகிற வேடத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. அதற்கென்று ஆட்கள் வரிசையில் இருக்கிறார்கள். முப்பத்தொரு வருடத் தொழில் ஒன்பது விநாடியில் முடிந்துவிட்டது. ஒன்பது விநாடியும் என் கைங்கரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், "உன் பொழப்பக் கெடுத்துட்டேன்க்கா" என்றேன். மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன், கண்ணும் கலங்கிவிட்டது.

அவள் செய்தித்தாளை மடித்து வைத்தாள். "அந்தப் பொண்ணு கேட்டாளே, காதுல விழுந்துச்சா உனக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"அடி பட்டுடுச்சான்னு கேட்டாளே, அவ. முப்பத்தொரு வருஷமா விழறேன். ஒருத்தர் கேட்டதில்லடி."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மற்றவர்கள் கேட்காததற்குக் காரணம் உண்டு, அவர்களுக்கு நான் வலியைக் காட்டவே இல்லை. நான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துத்தானே வெட்ட முடியும்?

"எங்கேக்கா பட்டுச்சு?" என்று கேட்டேன்.

"எந்தப் படத்துல?"

"எல்லாத்துலயும்."

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை மடக்கி முழங்கையைக் காட்டினாள். அது முதல் படம், படிக்கட்டு. அடுத்தது இடது தோள். மத்தியானம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதிகூட முடியவில்லை.