பேங்குக்குப் பங்காளி

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இருந்த அந்த ஓலைக்கடைக்கு இரண்டு பங்காளிகள். ஒருவன் இருசப்பன், இன்னொருவன் அவன் சித்தப்பா மகன் ராமதாஸ். தாத்தா போட்டுவிட்டுப் போன கடை. நடுவில் சுவர் வைத்தால் இரண்டு பக்கமும் ஆள் நிற்க முடியாது என்பதால், கடையை விட்டுவிட்டுப் பௌர்ணமியைப் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பௌர்ணமி இருசப்பன் முறை என்றால் அடுத்தது ராமதாஸ் முறை. மற்ற நாட்களில் கடைக்குள் ஆடு படுத்திருக்கும்.

தங்கள் முறையன்று இருசப்பன் இளநீர் வெட்டுவான், அவன் மனைவி சரோஜா சுண்டலும் மோரும் விற்பாள். நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டு எடுக்கிற காசு அவனுடையது, பௌர்ணமிக் காசு அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். அவள் முந்தானையில் முடிந்த காசை அவன் தொட்டதில்லை. தொட்டிருந்தால் கூடப் பரவாயில்லை, பிறகு அவன் செய்தது அதைவிடப் பெரிய காரியம்.

தொண்ணூற்று மூன்றில் பட்டா மாறுதலுக்காக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனவனுக்குப் பட்டாவோடு சேர்த்து பரசுராமன் என்கிற கிளார்க்கின் சிநேகிதமும் கிடைத்தது. பரசுராமனுக்கு ஷேர் மார்க்கெட் பைத்தியம். வளர்பிறை பேங்க் என்று புதிதாக ஒன்று வரப்போகிறது, ஜனங்களுக்குப் பங்கு விற்கிறார்கள், பேங்கில் பணம் போட்டால் வட்டிதான் வரும், பேங்கையே வாங்கிப் போட்டால் வருஷா வருஷம் லாபத்தில் டிவிடெண்ட் வரும் என்று டீக்கடையில் நின்று பாடம் நடத்தினார். மழையை நம்ப வேண்டாம், கூட்டத்தை நம்ப வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் வருமானம்.

இவ்வளவிலும் இருசப்பன் காதில் விழுந்தது பங்கு என்ற ஒரு வார்த்தை மட்டும்தான். பங்கு வைத்திருப்பவன் பங்காளி. பங்காளி என்றால் நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், அவனைக் கேட்காமல் ஒரு செங்கல்லை நகர்த்தக் கூடாது. ஓலைக்கடைக்குப் பங்காளியாக இருப்பதைவிட பேங்குக்குப் பங்காளியாக இருப்பது எவ்வளவு கௌரவம்! தன் பௌர்ணமி முறையை ராமதாசுக்கே முப்பதாயிரத்துக்கு விற்று, அத்தனையையும் வளர்பிறையில் போட்டான். பங்காளிக்கு விற்க வேண்டும் என்ற நியாயம் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டியைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

அவன் விஷயத்தைச் சொன்னபோது சரோஜா அடுத்த பௌர்ணமிக்காகக் கொண்டைக்கடலை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பௌர்ணமிய வித்துட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள். மூன்று நாள் வீட்டில் வேளைக்கு வேளை சுண்டல்தான்.

அவன் விற்ற நேரம், ஜனத்துக்குக் கிரிவலத்தில் ருசி விழுந்தது. இரண்டே வருஷத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஸ்பெஷல் பஸ், பாதை முழுக்கத் தலை. ராமதாஸ் ஓலையைப் பிரித்துத் தகரம் போட்டான், ஃபேன் மாட்டினான், பிரிட்ஜ் வாங்கினான். இருசப்பன் பௌர்ணமியன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பான். கூட்டம் வரும் போகும், பேங்க் நிலைத்து நிற்கும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வான்.

பேங்கும் அவனை ஏமாற்றவில்லை, முதலில். டிவிடெண்ட் வந்தது. முதல் தடவை அந்தப் பணத்தை அப்படியே சரோஜா முன் நீட்டினான்.

"பேங்க் வீட்லேர்ந்து உன் முறை வந்துகிது. எடுத்துக்கோ."

வீறாப்பாகத்தான் சொன்னான். உள்ளுக்குள் அது மன்னிப்புக் கேட்பது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் வாங்கிக்கொண்டு மறுநாள் டவுனுக்குப் போய் வந்தாள். புதுப்புடவை எதுவும் வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் இதே சடங்கு. பணம் என்ன ஆகிறது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

டவுனில் வளர்பிறைக்கு ஒரு கிளை வந்ததும் அவனுக்குப் பொழுதுபோக்கும் கிடைத்தது. வாரம் ஒரு தடவை வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு போவான். அங்கே அவனுக்குக் கணக்கு ஒன்றும் கிடையாது. காலியாகக் கிடக்கும் நாற்காலிகளுக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் எழுந்து போய் சுவிட்சை அணைப்பான். "நம்ம கரண்டு, வீணாப் போவுதுல்ல" என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளக்கம் வேறு. மேனேஜர் நல்ல மனுஷன். முதல் நாள் விழித்தார், அப்புறம் டீ சொல்லி அனுப்பினார். அந்த டீதான் ஊருக்குள் ஒரு மாதம் பேச்சாக ஓடும்.

ராமதாசுக்கு அதைக் கேட்டு வயிறு எரிந்தது. கையில் பௌர்ணமி முறை இரண்டும் இருந்து என்ன பிரயோஜனம், ஊரில் பேங்குக்காரன் என்று பெயர் எடுத்தவன் இருசப்பன் அல்லவா? பங்காளிக் காய்ச்சலுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

இரண்டாயிரத்து நான்கில் பரசுராமன் புதுச் சேதியோடு வந்தார். ஒரே பேங்கில் அத்தனையும் வைத்திருப்பது ஆபத்து, இப்போது பல பேங்குகளின் ஷேரையும் ஒன்றாக மூட்டை கட்டி ஒரே ஃபண்டாக ஷேர் மார்க்கெட்டிலேயே விற்கிறார்கள், ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும், மாற்றிக்கொள் என்றார். பாவம், அவர் வாழ்க்கையில் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

"எல்லா பேங்குக்கும் பங்காளி ஆய்ட்டா, நான் எத்தினி வூட்டு சாவுக்குப் போறது சார்?" என்று கேட்டுவிட்டான் இருசப்பன்.

சில வாரங்களிலேயே ஒரு வீட்டுச் சாவு வந்தது. கொடுத்த கடன்கள் திரும்பாமல் வளர்பிறை பேங்க் படுத்துவிட்டது என்றும், அதை ஒரு பெரிய பேங்கோடு சேர்க்கிறார்கள் என்றும் டிவியில் சொன்னார்கள். பணம் போட்டவர்களுக்குப் பணம் பத்திரம். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. இருசப்பனுக்குப் புரியவே இல்லை. நம்பிப் பணம் போட்டவன் தப்பித்தான், சொந்தக்காரன் நடுத்தெருவில் நிற்கிறான், இது எந்த ஊர் நியாயம்?

"பங்காளி செத்தா தீட்டாச்சே" என்றாள் சரோஜா. "போய் தலைக்கு ஊத்திக்கினு வாங்க."

அவன் சத்தியமாகவே போய்க் குளித்தான். தண்ணீரோடு தண்ணீராக அழுவதற்கு வேறு இடம் இல்லை. பௌர்ணமி போயிற்று, பேங்கும் போயிற்று, பதினோரு வருஷமாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் காட்டிவந்த ஒரே சாக்கும் போயிற்று.

ஈரத்துண்டோடு வந்தால் வாசலில் ராமதாஸ். கேலி பேச வந்திருக்கிறான் என்று இருசப்பன் பல்லைக் கடித்தான். ராமதாஸ் கண்ணும் சிவந்திருந்தது.

"எனக்கும் போச்சுண்ணே" என்றான். "உன்னவிட ஜாஸ்தி பேங்க் பங்கு வாங்கிப் போடணும்னு கடன் வாங்கிப் போட்டேன். கடங்காரன் வூட்டாண்ட வந்து உக்காந்துகினுகிறான்."

உன் முறையை வாங்கின விலைக்கே திரும்ப விற்றுவிடுகிறேன், விற்பதென்றால் பங்காளியைத்தானே முதலில் கேட்க வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றான். இருசப்பன் தலை தொங்கியது. வெறும் கையில் எதை வைத்து நீட்டுவது?

"நான் வாங்கிக்கிறேன்" என்று உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

ஆண்கள் இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"ஏது துட்டு?" என்றான் இருசப்பன்.

"பேங்க் வீட்லேர்ந்து வருஷா வருஷம் முறை வந்துச்சே. போஸ்ட் ஆபீஸ்ல போட்டுக்கினே வந்தேன்."

பத்திரம் அவள் பேரில் முடிந்தது. அடுத்த பௌர்ணமிக்கு இருசப்பன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கடைக்குப் போனான். இளநீர்க் குலைகளை இறக்கிவிட்டு, மெதுவாக, இது நம்ம ரெண்டு பேருக்கும் பங்குதானே என்று கேட்டான்.

"காய்க்கு ஒரு ரூவா கூலி" என்றாள் சரோஜா, சுண்டலைக் கிளறியபடி. "பங்கெல்லாம் கெடயாது."

பாதையைப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் ஜனம் வந்துகொண்டிருந்தது. பரசுராமன் அன்றைக்கு டீக்கடையில் சொன்ன நிச்சய வருமானம் இதுதான் போலிருக்கிறது. சரி என்று தலையாட்டி அரிவாளை எடுத்தான். கடைக்குள் ராமதாஸ் மாட்டிய ஃபேன் யாருக்கும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அவன் கை சுவிட்சுக்குப் போனது.

"அது என் கரண்டு, நான் பாத்துக்கிறேன்" என்றாள் சரோஜா. "நீங்க வெட்டுங்க."