நோயாளிகளே வகுத்த திட்டம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு நன்கொடையில் நடக்கும் கிளினிக் ஒன்று இருந்தது. சிகிச்சைத் திட்டத்தை இனி நோயாளிகளும் சேர்ந்தே வகுப்பார்கள் என்று அங்கிருந்து அழைப்பு வந்தபோது, அங்கே மருந்தெடுக்கும் சிவமணிக்குச் சிரிப்பு வந்தது. புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பது வருடம் உரைபெயர்ப்பாளராக இருந்தவள். பொய்ச்சாட்சியை அடையாளம் காண அவளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

போனாள். மேசையில் ரோல்ஸும் குளிர்பானமும் பரப்பியிருந்தார்கள், சீனி வருத்தக்காரருக்கு. ஒருங்கிணைப்பாளர் உஷாந்தி, அவரவர் கனவுக் கிளினிக் எப்படி இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் சிவபாலன் நெடுநேரம் யோசித்து, ஏசியைக் கூட்டலாம் என்றார். நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரர் அதையும் குறித்துக்கொண்டார். சிவமணி தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றாள். இந்தக் கூத்துக்கு யோசனை வேறா?

பிறகு இராமலெட்சுமி எழுந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவள்; மாடி வீடுகளில் துப்புரவு வேலை.

"ராத்திரி இன்சுலின் போட்டுக்கிட்டு, காலையில வெறும் வயித்தோட பஸ் ஏறி வர்றோம். ரத்தம் எடுக்க பதினோரு மணியாகுது. போன மாசம் வாசல்லயே மயங்கி விழுந்துட்டேன். ஊசி போடுறவங்களுக்கு மொதல்ல எடுத்தா என்னங்க?"

உஷாந்தி சிரித்த முகம் மாறாமல் வெள்ளைக்காரரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்: இந்த அம்மாவுக்குச் சேவை மிகவும் பிடித்திருக்கிறதாம், காத்திருக்கும் நேரம் கொஞ்சம் குறைந்தால் இன்னும் சந்தோஷமாம்.

கொலைகாரனின் வாக்குமூலத்தில்கூட சிவமணி ஒரு சொல்லை விழுத்தியதில்லை.

"தங்கச்சி, அவ அப்படிச் சொல்லேல்லை."

சாட்சிக் கூண்டருகில் நிற்பதுபோல எழுந்து நின்று, இராமலெட்சுமி சொன்னது முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். மயங்கி விழுந்ததையும் விடவில்லை. வெள்ளைக்காரரின் பேனை நின்றது.

"அன்ரி, அதைப் பிறகு கதைப்பம். இப்ப நேரமில்லை," என்றாள் உஷாந்தி.

"நேரமில்லாட்டி எங்களை ஏன் கூப்பிட்டனீர்?"

உஷாந்தி ஒரு மஞ்சள் துண்டில் 'காத்திருப்பு' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். குழுப்படம் எடுத்தார்கள். திட்டத்தை நோயாளிகளே வகுத்தார்கள் என்று முன்கூட்டியே ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் கைக்குக் கை போயிற்று. சிவபாலன் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அழகாகக் கையெழுத்திட்டார். சிவமணி அதை இராமலெட்சுமிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். இருவரும் கையெழுத்து வைக்காமல் வெளியேறினார்கள்.

கதவோரம் நின்ற தாதி ஷஹீமா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அடுத்த செவ்வாய், கதவு திறந்ததும் இன்சுலின் போடுபவர்களைக் கைதூக்கச் சொல்லி அவர்களை முதலில் உள்ளே கூட்டிப்போனாள். ஏழரைக்கு இராமலெட்சுமி ரத்தம் கொடுத்துவிட்டு வெளி வாங்குப் பலகையில் அமர்ந்து இடியப்பம் சாப்பிட்டாள். அதற்குக் கூட்டமும் தேவைப்படவில்லை, கனவும் தேவைப்படவில்லை.

இரண்டு மாதத்தில் வழுவழுப்பான கையேடு வந்தது. முதல் பக்கத்திலேயே அந்த மாற்றம், குழுவின் முதல் வெற்றியாக. ஷஹீமாவின் பெயர் எங்குமில்லை. படத்திலிருந்து தன் முகத்தை எடுத்துவிடும்படி சிவமணி கேட்டாள். ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டது என்ற உஷாந்தி, அடுத்த கூட்டத்தின் திகதியையும் சொன்னாள்.

வருவதாகச் சிவமணி சொன்னாள். அந்தக் குழுவின்மேல் அவளுக்கு மருந்துக்கும் மதிப்பில்லை. ஆனால் இராமலெட்சுமி வாய் திறந்தால், இன்னொரு தடவை உஷாந்தி அதை மொழிபெயர்க்கக் கூடாது.