பாறையில் ஒன்பது கம்பங்கள்

வௌவாலுக்கு வீடு கட்டப்போகிறோம் என்று ஓவர்சீயர் ஸ்டானிஸ்லாஸ் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மைசூரில் மனிதனுக்கே ஒழுகாத கூரை கிடைப்பதில்லை. இதில் வௌவாலுக்கு மரப்பெட்டி, அதுவும் பதினைந்தடிக் கம்பத்தின் உச்சியில்! அவர் சிரிக்கவில்லை. கொசு ஒழிக்கும் ஆபீசில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். அமெரிக்காவில் இப்படிச் செய்கிறார்கள் என்று அவர் எதிலோ படித்தாராம். வௌவால் வந்து தங்கினால் கொசுவைத் தின்று தீர்க்குமாம். கொசு போனால் ஏரிக்கரைக் குளிர்சுரமும் போய்விடுமாம்.

குளிர்சுரம் என்றதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. தை மாதம் அந்தச் சுரத்தில்தான் என் மகள் போனாள். நான்கு வயது. பதினைந்து நாள்கூடப் பொறுக்காமல் என் மனைவி சாமியாத்தாள் துணியைச் சுருட்டிக்கொண்டு ஹனூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையைக் கொன்ற கொசு இருக்கிற ஊரில் எவள் இருப்பாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

கம்பம் நடச் சொன்ன இடம் ஏரிக்கு மேலே இருந்த மேடு. மேடா அது? முழுக்க ஒரே கற்பாறை. ஒன்பது இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டு ஸ்டானிஸ்லாஸ் குடைக்குள் நின்றுகொண்டு, தனக்கு வருகிற கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஒரு நாளைக்கு மூணு குழி ஆகுமா சித்தையா?"

"தயிர்ச் சட்டிக்குள்ள வெரல வுடறாப்பல நெனச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க. ஒரு குழிக்கு மூணு நாளு ஆகுமுங்க. நானும் இப்பத் தனியாளு."

"ஏன், வீட்டம்மா இல்லவா?"

"ஊருக்குப் போயிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுத்தியை எடுத்துக்கொண்டேன்.

பாறையில் துளை போடுவது இருவர் வேலை. ஒருவர் உட்கார்ந்து நீள உளியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மற்றவர் நின்று சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால்தான் இறங்கும். அடிக்கிறவன் கை பிசகினால் பிடிக்கிறவர் மணிக்கட்டு போச்சு. எங்கள் ஆட்களில் புருஷன் அடிப்பான், பெண்டாட்டி பிடிப்பாள். எட்டு வருஷம் சாமியாத்தாள் எனக்குப் பிடித்தாள். அடிக்குப் பயந்து ஒருநாளும் அவள் கண்ணை மூடியதில்லை. இப்போது நானே இடது கையில் உளியும் வலது கையில் சின்னச் சுத்தியுமாக உட்கார்ந்து, கொத்தி, திருப்பி, தண்ணீர் ஊற்றி, கல்மாவை மூங்கில் குச்சியால் வழித்தெடுத்து... சே, அதைச் சொல்லவே கை வலிக்கிறது. வட்டமாக ஏழு துளை போட்டு, நடுவில் நிற்கிற கல்லை ஆப்பு வைத்து உடைத்தால் ஒரு கம்பத்துக்குக் குழி.

மேட்டிலேயே ஓலைக் குடிசை போட்டுக்கொண்டேன். சுற்றிலும் அரை மைலுக்கு ஒரு வீடு கிடையாது. தெற்கே சாமுண்டி மலை, கீழே கொள்ளேகாலத்து ரோடு. காலையில் ஒரு பஸ் போகும், சாயங்காலம் ஒரு பஸ் வரும். பேச ஆள் இல்லாமல் பாறையைத் திட்டினேன். "ஏண்டி மூதேவி, ஒரு வெரக்கடை எறங்கினா கொறஞ்சா போயிருவே?" என்பேன். அது சும்மா இருக்கும். களி கிண்டும்போது கை தானாக இரண்டு பேருக்கு மாவு அள்ளும். மிச்சத்தைக் காக்காய்க்குப் போடுவேன்.

ராகி வண்டிக்காரன் கரியப்பன் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். ஹனூருக்குப் போய்வருகிற அவனிடம் சாமியாத்தாளுக்குச் சொல்லியனுப்பினேன்: வௌவால் வரப்போகிறது, கொசு ஒழியப்போகிறது, சுரம் இனி இருக்காது, புறப்பட்டு வா. பத்து நாளில் பதில் வந்தது.

"மொதல்ல வௌவாலு குடி வரட்டும், அப்பறம் நா வாரேன்னு சொல்லிருச்சப்பா" என்றான் கரியப்பன். அவன் சிரித்தான். எனக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. வௌவால் வந்தால் அவள் வருவாள். அவ்வளவுதானே? அன்று இருட்டும் வரை கொத்தினேன்.

ஒன்பது கம்பமும் நின்றன. கல்சில்லு அடித்து இறுக்கி, காரை ஊற்றி, யானை முட்டினாலும் அசையாதபடி நிறுத்தினேன். டவுனில் தேவராஜ மொஹல்லாத் தச்சர் செய்த பெட்டிகளை அவரும் நானுமாக மேலே ஏற்றி முடித்தோம். புது வீடாயிற்றே, சும்மா விடலாமா? ஒரு வெள்ளிக்கிழமை ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு பெட்டிக்கும் மஞ்சள் தெளித்து, வேப்பிலைக் கொத்துக் கட்டி, உள்ளே சாம்பிராணிப் புகையை நன்றாக நிரப்பினேன். மனிதர்களுக்குச் செய்வதைத்தான் செய்தேன்.

மறுநாள் ஸ்டானிஸ்லாஸ் வந்து மோந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ கடவுளே! புத்தி இல்லவா உனக்கு? வௌவால் ஓடணும்னாதானே புகை போடுவாங்க? இனி மழை கழுவி வாசனை போகிற வரைக்கும் ஒண்ணும் வராது போ!"

"மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்னங்க?" என்று நானும் கத்தினேன்.

"வௌவாலுக்குக் கிரகப்பிரவேசம் பண்ணுவேன்னு எனக்குக் கனவா வந்தது?"

பெட்டிகளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஒவ்வொரு சாயங்காலமும் அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரை இடிந்த மண்டபத்திலிருந்து வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பும். என் தலைக்கு மேலேயே போகும். என் பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஒருநாள் கரியப்பன் வண்டியை நிறுத்தியதும் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வந்துருச்சுன்னு சொல்லு. ஒம்போது பொட்டியிலும் வந்துருச்சு."

நாலாம் நாள் சாயங்கால பஸ்ஸில் சாமியாத்தாள் இறங்கினாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். கண் குழி விழுந்து, கீழே கறுத்துப்போயிருந்தது. சோற்றுத் தூக்குப்போசியை வைத்துவிட்டு என் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்தாள். "காலைல பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிருவேன்" என்றாள். வெளிச்சம் மங்கியது. மண்டபத்து வௌவால்கள் எங்களைத் தாண்டிப் போயின. பெட்டிகள் ஒன்பதும் காலியாக நின்றன.

"ஒண்ணுங்கூட இல்லீங்களே" என்றாள்.

"பொய்யி சொன்னேன் புள்ள. சாம்பிராணி போட்டுக் கெடுத்துப்புட்டேன். மழ வந்து அடிச்சா வாசம் போயிரும், அப்பறம் பாரு, வௌவாலு..."

"வௌவாலு, வௌவாலு!" அவள் குரல் உடைந்தது. "வௌவாலுக்கு எத்தன பேச்சுப் பேசறீங்க. என்ற புள்ளயப் பத்தி ஒரு பேச்சுப் பேசினீங்களா? துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போனீங்க. பொம்பள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு நாலு பேரு என்னையப் புடிச்சுக்கிட்டாங்க. பொழுது போய் வந்தீங்க, குளிச்சீங்க, படுத்தீங்க. மூணா நாளு சுத்திய எடுத்துட்டீங்க. இந்தப் பக்கம் பூராக் கல்லு. இங்க எவன் குழி வெட்டுவான்? மேலாப்பல வெச்சுக் கல்லக் குவிச்சுட்டு வந்திருப்பாங்கன்னு ஊரே பேசுது. கண்ண மூடினா நரி வந்து தோண்டுதுங்க. எட்டு மாசமாத் தோண்டுதுங்க."

கொசுவுக்குப் பயந்து போனாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த என்னை என்ன சொல்லித் திட்டுவது? சுடுகாட்டில் நடந்ததை வீட்டில் பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதற்குமேல், பேசினால் அழுதுவிடுவேன் என்ற பயம். அதுதான் நிஜம்.

"கேளு" என்றேன். "கல்லக் குவிச்சுப் போடலாம்னுதான் கூட வந்தவங்க சொன்னாங்க. அவங்களத் தொரத்தி வுட்டுட்டேன். புள்ளய ஆவாரஞ்செடி நெழல்ல படுக்க வெச்சுட்டு நா ஒருத்தனே கொத்தினேன். உளி புடிக்க நீ இல்லாம மொதல் தடவையா அன்னைக்குத்தான் அடிச்சேன். நல்ல வேளைக்கு ஒரு வெடிப்பு இருந்துச்சு, ஆப்பு வெச்சுப் பொளந்தேன்."

"எத்தன ஆழம்?"

"ரெண்டர மொழம்."

"மேல?"

"மேல ஒரு பலகக்கல்லு. நாலாளு தூக்கற கல்லு. கடப்பாறையில நெம்பி நெம்பிக் கொண்டாந்து மூடினேன். ஓரமெல்லாம் சில்லு அடிச்சு எறுக்கியிருக்கறேன். நரியில்ல புள்ள, நானே போனாலும் இனித் தெறக்க முடியாது."

சொல்லிவிட்டு அழுதேன். மூக்கொழுக அழுதேன். அவள் என் இடது கையை எடுத்து, உளி பிடித்துக் காய்த்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டர மொழம்" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நா எங்கீங்க போயிருப்பேன்?"

பிறகு அந்தப் பாறையிலேயே சாய்ந்து படுத்தாள். களி கிண்டட்டுமா என்று கேட்டேன். அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள். என் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினேன்.

வெயில் முகத்தில் விழுந்தும் அவள் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. கீழே ரோட்டில் கொள்ளேகாலத்து பஸ் வந்து நின்று இரண்டு தரம் ஊதியது. நான் எழுப்பவில்லை. பஸ் போய்விட்டது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.